எட்டுக் கை அம்மாவின் கடைசிப் பக்கம்

மொஸா என் நாத்தனார். அதனால் அவளைப் பற்றி நான் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டுக் கேட்க வேண்டும் என்று எங்கள் ஊரில் கேலி பேசுவார்கள். தள்ளுபடி எதுவும் வேண்டாம். இருபது வருடமாக நான் அவளைத் திட்டி வருவதும் உண்மை, அந்தச் சனிக்கிழமை அவளைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையை ஒட்டிய பெம்பா தீவில், எங்கள் சங்கானி ஊரில் பெண்ணாகப் பிறந்தவள் கையில் சீக்கிரமே ஓர் இரும்புக் கம்பி வந்துவிடும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல் வெகுதூரம் உள்வாங்கும். காலை பத்து மணிக்கெல்லாம் பாறைத் திட்டு முழுவதும் வெளியே கிடக்கும். ஆண்களுக்குப் படகும் வலையும் உண்டு. பாறைப் பொந்தில் ஒளிந்திருக்கும் எட்டுக் கை பேய்க்கணவாய் மட்டும் பெண்களுடையது. பொந்தைக் கண்டுபிடித்து, கம்பியை விட்டு, நம் கையைச் சுற்றிக்கொள்ளும் அதன் கைகளைப் பிரித்தெடுத்து வாளியில் போட வேண்டும். தேங்காய்ப் பாலில் கொதிக்கவிட்டால் அதற்கு ஈடு கிடையாது.

மொஸா ஏழு வயதில் அவள் அம்மா பின்னால் திட்டுக்கு வந்தவள். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவளுக்குப் பதினாறு. வேலையில் அவள் மந்தம். காரணம், அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். எங்களுக்குப் பொந்து தெரிந்தால் கம்பி உள்ளே போய்விடும். அவளோ குந்தி உட்கார்ந்து, முகத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது என்ன செய்கிறது என்று பார்ப்பாள்.

“என்னடி, சம்பந்தம் பேசறியா? குத்து!” என்று நான் கத்துவேன்.

“இரு அண்ணி, செவப்பா இருந்தது பாரு, இப்ப மணல் கலராயிடுச்சு. கோவம் போயிடுச்சு போல.”

அதற்குள் அது மையைப் பீச்சிவிட்டு அடுத்த பாறைக்குப் போயிருக்கும். நான் ஐந்து பிடித்தால் அவள் இரண்டு பிடிப்பாள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு, மறைப்பானேன்.

ஆனால் கடலில் யார் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஓடு உடைந்த ஆமை எந்தப் பக்கம் மேயும், கடற்புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு நிற்கும் ஜோடிக் கடற்குதிரை இன்னும் ஜோடியாக இருக்கிறதா, எந்தப் பொந்தில் போன மாதம் புதுக் குடித்தனம் வந்தது என்றெல்லாம் ஊர் வம்பு பேசுவதுபோல் சொல்லுவாள். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். கையெழுத்து மட்டும் அச்சுப்போல இருக்கும்.

கட்டிக்கொடுத்தோம். கட்டினவன் இரண்டு வருடத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் தங்கா துறைமுகத்துக்குப் போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். மொஸா மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் நீர் வற்றியதும் கம்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். “அந்தாளு ஒரு தடவைகூட என்கூடத் திட்டுக்கு வந்ததில்ல, அண்ணி. என்னத்தப் பேசறது அவன்கிட்ட?” என்றாள். அத்துடன் அந்த விஷயம் முடிந்தது.

ஐந்து வருடத்துக்கு முன் பேய்க்கணவாய் குறைந்துபோயிற்று. கிடைப்பதும் கைப்பிடி அளவுதான். ஊர்க் கமிட்டி கூடித் திட்டில் பாதியை மூன்று மாதம் மூடிவைப்பது, அப்புறம் கடல் நன்றாக உள்வாங்கும் வற்ற நாளாகப் பார்த்துத் திறப்பது என்று முடிவு செய்தது. மூடியிருக்கும்போது காவலுக்கு ஓர் ஆள் வேண்டும். படகில் குடையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை. எவளும் முன்வரவில்லை. மொஸா கையைத் தூக்கினாள். சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் அவள் பிறந்தே இருக்கிறாள் என்று நான் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான்.

அந்தக் காவல் படகில்தான் அவள் எழுத ஆரம்பித்தாள். நாற்பது பக்க நோட்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துபோய்ப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இவள் அன்றைக்கு எழுதியதை வாசிப்பாள். அவர்கள் முகம் சுளித்த இடத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதுவாள். அப்படி உருவானதுதான் ‘எட்டுக் கை அம்மா’.

கதை பெரிய கதை ஒன்றுமில்லை. ஒரு பேய்க்கணவாய் பொந்தின் கூரையில் சரம்சரமாக முட்டையைத் தொங்கவிடுகிறாள். வாசலைக் கல்லால் அடைத்துக்கொள்கிறாள். ஒரு வாய் தின்னாமல், நாள் முழுதும் முட்டைமேல் தண்ணீரை ஊதிக்கொண்டு, நண்டையும் மீனையும் விரட்டிக்கொண்டு இருக்கிறாள். குஞ்சுகள் வெளியே வருகிற நாளில் அவள் செத்துப்போகிறாள். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முட்டையில் உட்கார்ந்தவளைத் தொடுவதில்லை என்பது கமிட்டி வருவதற்கு முன்பே எங்களிடம் இருந்த கட்டுப்பாடு.

தலைமை ஆசிரியர் அந்த நோட்டை சான்ஸிபார் நகரத்தில் குழந்தைப் புத்தகம் போடும் அனெத் என்ற பெண்ணுக்கு அனுப்பிவைத்தார். அனெத்துக்குக் கதை மிகவும் பிடித்துவிட்டது, கடைசிப் பக்கத்தைத் தவிர. அவள் போனில் பேசியபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, அம்மா செத்துப்போறதா முடிச்சா பிள்ளைங்க அழுவாங்க. எந்தப் பள்ளிக்கூடமும் வாங்காது. அம்மா குஞ்சுங்களோட சேந்து நீந்திப் போறதா மாத்திடலாமா?”

மொஸா போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினாள். அப்புறம், “சரி, மாத்திக்கோ” என்றாள். போனை வைத்ததும் என் முகத்தைப் பார்த்தாள்.

“என்ன அண்ணி, எதுவும் சொல்ல மாட்டியா?”

“நான் என்னத்தச் சொல்றது? எழுத்தாளர் அம்மா நீ.”

அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான். கம்பியைக் கையில் எடுக்கும் முன் இந்தத் தீவின் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தடவையாவது குனிந்து உற்றுப் பார்க்க வேண்டும், பிறகு குத்தினாலும் சரி. அதற்குப் புத்தகம் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டும். அதற்குக் கல்வி அதிகாரி ஷொமாரி ஐயா பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் கூட்டத்துக்கு ஒரே ஒரு நாள் வருவதாக ஒப்புக்கொண்டார், எந்த நாள் என்பதை எங்களிடம் விட்டுவிட்டார். அன்றைக்கு விட்டால் அவர் வேறு தீவுக்கு மாற்றலாகிப் போகிறார், புதிதாக வருகிறவர் எப்படியோ யாருக்குத் தெரியும். ஆகவே அந்த ஒரு நாளில்தான் எல்லாமே இருந்தது.

அந்த நாளைக் குறித்தவள் மொஸா. புத்தகத்தின் படங்களைப் பார்த்துச் சரிசெய்ய நகரத்துக்குப் போயிருந்தபோது, அனெத்தின் அலுவலகச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து, சனிக்கிழமை காலை பத்து மணி என்று சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடம் விடுமுறை, பிள்ளைகள் சும்மா இருப்பார்கள் என்று கணக்காம். ஊருக்குத் திரும்பி வந்து இறங்கினதும் நான் கேட்டேன்.

“சனிக்கிழமை நெலா எங்க இருக்கும் தெரியுமாடி?”

அவள் வாயைத் திறந்தாள். அப்படியே நின்றாள்.

அமாவாசைக்கு அடுத்த நாள். வருடத்தின் நல்ல வற்றங்களில் ஒன்று. அதோடு, மூன்று மாதம் மூடிவைத்த திட்டைத் திறக்கும் நாளும் அதுவே. காலை பத்து மணிக்கு சங்கானியில் கோழிகூட இருக்காது. ஏழு வயதிலிருந்து கடலை உடம்பிலேயே வைத்திருந்தவள், சுவரில் மாட்டிய காகிதத்தைப் பார்த்து நாள் குறித்திருக்கிறாள்! நான் அன்று முழுவதும் அவளை விடவில்லை. டாட்டு என்கிற பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டேன். “டவுன் தண்ணி குடிச்சதும் நம்ம தண்ணி மறந்துபோச்சு இவளுக்கு” என்றாள் டாட்டு. மொஸா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, “திட்டி முடிச்சிட்டீங்களா? சரி, நாற்காலி எடுத்துப் போட ஆள் வேணும்” என்றாள்.

சனிக்கிழமை வந்தது. ஷொமாரி ஐயாவும் அனெத்தும் ஏழரை மணிக்கே படகில் வந்து இறங்கினார்கள். அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் படகு மணலில் சாய்ந்துவிட்டது. இனி இரண்டு மணிக்குத் தண்ணீர் திரும்பும் வரை ஐயா எங்கும் போக முடியாது. பள்ளிக்கூடத்தில் அறுபது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு விளம்பரத் துணி, வாடகை ஒலிபெருக்கி எல்லாம் இருந்தன. கேட்க வந்திருந்தவர்கள் தலைமை ஆசிரியரும் ஓர் ஆடும். இதை நான் நேரில் பார்க்கவில்லை, நான் கம்பியோடு திட்டில் இருந்தேன். பிறகு ஆசிரியர் சொல்லித் தெரிந்துகொண்டது.

அனெத் வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடந்துகொண்டே இருந்தாளாம். “அக்கா, யாருமே வரல. ஐயா மணி பாத்துக்கிட்டே இருக்காரு.”

“அவங்க வரமாட்டாங்க. நாமதான் போகணும்” என்றாளாம் மொஸா. அறுபது புத்தகத்தையும் இரண்டு பிளாஸ்டிக் தொட்டியில் அடுக்கினாள். ஒன்றைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். இன்னொன்றை அனெத்தின் தலையில் ஏற்றினாள். “ஐயா, ஷூவக் கழட்டுங்க, இந்தச் செருப்பப் போட்டுக்குங்க. கறுப்பா முள்ளு உருண்டை தெரிஞ்சா மிதிக்காதீங்க. மத்தபடி பயமில்ல.”

இதை நான் பார்த்தேன். தலையில் தொட்டியோடு அவள் முன்னால் வீசி நடந்து வந்தாள், பின்னால் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிய பருத்த அதிகாரி, அவருக்குப் பின்னால் ஒவ்வோர் அடிக்கும் “அல்லாவே” என்று அலறும் ஆசிரியர், கடைசியில் கழுத்து விறைத்துப்போன அனெத். திட்டு முழுக்கப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“மொஸா! புத்தகத்தால அடிச்சா பேய்க்கணவாய் சாகுமா?” என்று கத்தினாள் டாட்டு.

“நீ ஒரு பக்கம் வாசி, டாட்டு. உன் கொரலுக்கே செத்துடும்!”

சிரிப்பு அலை அலையாகப் போயிற்று. நான் சிரிக்கக் கூடாது என்று இருந்தேன், முடியவில்லை.

மேடான ஒரு பாறையில் அவள் ஏறி நின்றாள். ஒலிபெருக்கி கிடையாது. படகில் நின்று வாசித்துப் பழகிய குரல், காற்றை மீறிக் கேட்டது. பிள்ளைகள் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள், வரிசையாக நின்று ஐயாவுக்கு “ஷிக்கமூ” என்று வணக்கம் சொன்னார்கள், ஈரக் கையோடு ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டார்கள். அனெத் கண்ணை மூடிக்கொண்டாள், பாவம், புதுக் காகிதம். மொஸா வாசிக்கவில்லை, நடித்தாள். பேய்க்கணவாய் கோபத்தில் சிவக்கிறபோது இவள் முகமும் சிவந்தது. நண்டை விரட்டுகிற இடத்தில் காலை உதைத்து ஐயாவின் சட்டையில் தண்ணீர் தெளித்தாள். ஐயா வயிறு குலுங்கச் சிரித்தார். என் கம்பி சும்மாவே கையில் இருந்தது. காரியம் ஜெயித்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். “முட்டைகள் பொரிந்தன. அம்மா தன் குஞ்சுகளோடு சேர்ந்து நீலக் கடலில் நீந்திப் போனாள்.”

பிள்ளைகள் கை தட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பொய்” என்றாள் மைமூனா.

எட்டு வயதுப் பெண். முதுகில் கங்கா என்கிற சுற்றுத் துணியால் தம்பியைக் கட்டியிருந்தாள். அதற்கு முந்தின மழைக்காலத்தில் அவன் பிறந்த அன்று கடல் வற்றிக் கிடந்தது. அவள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏற்றிய படகு மணலைவிட்டு நகரவில்லை. தண்ணீர் வருவதற்குள் அம்மா போய்விட்டாள், பையன் தங்கினான். அன்று கரையில் நின்ற நாங்கள் யாரும் அதைப் பற்றி இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

“அது செத்துப்போயிடும், அத்தை. நீதான படகுல சொன்ன?” என்றாள் மைமூனா.

ஐயாவின் சிரிப்பு நின்றது. மொஸாவிடம் திரும்பினார். “உண்மையா, அம்மா?”

அனெத் மொஸாவைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை. இல்லை என்று சொன்னால் இந்தப் பிள்ளைகள் இனி அவள் வாயிலிருந்து வரும் எதையும் நம்பமாட்டார்கள். ஆமாம் என்று சொன்னால் ஐயா புத்தகத்தை மூடிவிடுவார். நான் கம்பியைப் பாறை இடுக்கில் செருகிவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். என்ன இருந்தாலும் என் நாத்தனார்.

மொஸா குரலைத் தாழ்த்தவில்லை. “உண்மைதான், ஐயா. செத்துப்போயிடும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இந்தப் பக்கத்துக்குச் சரின்னு சொன்னேன். அனெத் மேல தப்பில்ல, பேரு என் பேருதான போட்டிருக்கு.”

“அப்ப புத்தகம் தப்புன்னு ஆகுதே.”

“ஒரு பக்கம் தப்பு. மிச்சமெல்லாம் நான் கண்ணால பாத்தது.”

“அது சரிம்மா. ஆனா தப்பான புத்தகத்துக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?”

அப்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. “நாலடி தள்ளி இங்க வந்து பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க, ஐயா” என்றேன்.

காலையில் வந்ததும் நான் முதலில் கண்ட பொந்து அது. அந்த வருடம் நான் பார்த்ததிலேயே பெரியது. வாசலில் கல் அடுக்கியிருந்ததைக் கண்டதும் திட்டிவிட்டுத் தள்ளிப் போயிருந்தேன். இப்போது அவர்களை அங்கே கூட்டிப்போய்க் குந்தவைத்தேன். ஐயா முட்டி மடக்கித் தண்ணீரில் உட்கார்ந்தே விட்டார். கல் இடுக்கில் ஒரு கண் எங்களைப் பார்த்தது. அதற்குப் பின்னால் அரிசி மணி கோத்தாற்போல் சரங்கள் தொங்கின. பொந்துக்குள் இருந்தவள் ஊதுகிற ஒவ்வொரு தடவையும் அவை அசைந்தன. தோல் வெளுத்துப்போய், மெலிந்து, ஆனால் கண் மட்டும் எங்களை விட்டு அகலவில்லை.

மைமூனா எல்லோருக்கும் முன்னால் குனிந்திருந்தாள். “அதுக்குப் பசிக்காதா, அத்தை?”

“பசிக்கும்.”

“அப்பறம் ஏன் திங்கல?”

“வெளிய போனா நண்டு உள்ள வந்துடும்.”

“குஞ்சு வந்ததும் செத்துடுமா?”

மொஸா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மழுப்பவில்லை, தலையைத் தடவவும் இல்லை. “செத்துடும், கண்ணு.”

“குஞ்சுங்களுக்கு அது தெரியுமா?”

“எது?”

“அவங்கம்மா சாப்பிடாம இங்கயே இருந்தது.”

“தெரியாது. பொறந்த ஒடனே தண்ணி இழுத்துட்டுப் போயிடும். அம்மாவ அதுங்க பாக்கறதே இல்ல.”

மைமூனா யோசித்தாள். முதுகில் தம்பி நெளிந்தான். அவனைத் தூக்கிச் சரிசெய்து கட்டிக்கொண்டாள்.

“அப்ப யாராவது சொல்லணும்ல” என்றாள்.

பிள்ளைகள் ஒருவரும் அழவில்லை. ஆமாம், சொல்ல வேண்டும்தான் என்பதுபோல் தலையை ஆட்டினார்கள். அழுதது அனெத் ஒருத்திதான். தண்ணீரில் மண்டியிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அழுகையைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கவும் தெரியாமல் அழுதாள். டாட்டுகூட அவளைக் கேலி செய்யவில்லை.

மொஸா கையிலிருந்த புத்தகத்தைத் திறந்து கடைசிப் பக்கத்தைக் கிழித்தாள். தன் பெயர் அச்சடித்த முதல் புத்தகத்தை! ஒருத்தி இப்படிக் கிழித்து நான் பார்த்ததில்லை. கிழித்ததை மடித்து அனெத்தின் கையில் கொடுத்தாள்.

“இது வேணாம், தங்கச்சி. வேற எழுதித் தரேன். போடறியா?”

அனெத் தலையை ஆட்டினாள்.

ஷொமாரி ஐயா எழுந்து நின்றார். கால்சட்டை இடுப்புவரை நனைந்து சொட்டியது. “திங்கக்கிழமைக்குள்ள அந்தப் பக்கம் என் மேஜைல இருக்கணும். மாத்தலாகிப் போறதுக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். இந்தப் பொண்ணு கேட்டதும் அதுல இருக்கணும், இல்லன்னா போடமாட்டேன்” என்றார். பிறகு என்னிடம் திரும்பி, “இதப் புடிச்சிருந்தா எத்தன கிலோ வந்திருக்கும்?” என்று கேட்டார். அஞ்சு கிலோவுக்குக் குறையாது என்றேன். “நல்ல மனசு உங்களுக்கு” என்றார். நல்ல மனசும் இல்லை ஒன்றும் இல்லை, ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்ல வந்தேன். மொஸா என்னைப் பார்த்துச் சிரித்ததில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

தண்ணீர் திரும்பும் சத்தம் கேட்டது. எல்லோரும் வாளியையும் தொட்டியையும் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினோம். அன்று எனக்குக் கிடைத்தது மூன்றே மூன்று.

புதுப் பக்கம் இப்போது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இருக்கிறது. அதில் படம் கிடையாது, இரண்டே வரிதான். ‘அம்மா சாப்பிடாமல் இருந்தது குஞ்சுகளுக்குத் தெரியாது. அதனால் நாங்கள் சொல்கிறோம்.’

மைமூனாவின் தம்பிக்கு இப்போது மூன்று வயது. அவள் அந்தப் புத்தகத்தைத் தினமும் அவனுக்கு வாசிக்கிறாள். அவன் பாதியிலேயே எழுந்து ஓடுவான். அவள் துரத்திப்போய்ப் பிடித்து, இழுத்துவந்து உட்காரவைத்து, கடைசிப் பக்கத்தை வாசித்த பிறகுதான் விடுவாள்.